ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தில்லிக்கு வந்து குடியேறிய பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில் நாம் பார்ப்பது நேர் எதிரான நம்பிக்கை. ஆமை இருந்தால் வீட்டில் செல்வம் நிலைக்கும் என்று வரவேற்பறையில் பித்தளை ஆமை வைத்திருப்பவர்கள் இங்கே அனேகம். சிலர் ஒரு படி மேலே போய், உயிருள்ள ஆமையையே வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டு விடுகிறார்கள். அதைப் பார்த்து விட்டு நம் பிள்ளைகளும் "எனக்கும் ஒரு ஆமை வாங்கித் தாங்க" என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். போன மாதம் சங்கத்தில் நடந்த பொங்கல் விழாவில் மட்டும் மூன்று பெற்றோர்கள் என்னிடம் இது பற்றி விசாரித்தார்கள்.

என்னிடம் விசாரிக்கக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஓர் ஆமை இருக்கிறது. நாங்கள் வாங்கியதல்ல. எதிர் பிளாட்டில் குடியிருந்த திருநெல்வேலி நண்பர் தம் மகனின் எட்டாவது பிறந்த நாளுக்கு வாங்கியது. மூன்று வருடம் கழித்து நண்பருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்களெல்லாம் லாரியில் ஏறிய பிறகு, பையன் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக் கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். "மாமா, ரெண்டே மாசம். அங்க வீடு கிடைச்சதும் அப்பா வந்து எடுத்துக்கிடுவாங்க" என்றான். கண்ணில் நீர் முட்டிக் கொண்டிருந்தது. எப்படி மறுப்பது?

இது நடந்து 11 ஆண்டுகள் ஆகி விட்டன. அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். தீபாவளிக்குப் போன் செய்யும்போது மறக்காமல் ஆமையைப் பற்றிக் கேட்பான். ஆமை எங்களோடுதான் இருக்கிறது. அவன் வைத்த பெயர் அப்பு. அதையே நாங்களும் மாற்றாமல் வைத்துக் கொண்டோம்.

ஆமை வளர்க்கவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. கடைக்காரர் சொல்லாமல் விடுகிற விஷயங்களைத் தெரிந்து கொண்டு, பிறகு நீங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் எந்த ஆமை என்று தெரிந்து கொள்ள வேண்டும். மீன் தொட்டி விற்கும் கடைகளில் வெளிப்படையாகக் கிடைப்பது 'ரெட் இயர்ட் ஸ்லைடர்' என்ற அமெரிக்க நீர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது போலச் சிவப்புப் பட்டை இருக்கும். மிசிசிப்பி ஆற்றுப் பிரதேசம் இதன் தாயகம். அங்கே பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைத்து, பல ஆண்டுகளாக லட்சக்கணக்கில் உலகமெங்கும் அனுப்பி வந்திருக்கிறார்கள். இது வெளிநாட்டு இனம். நம் நாட்டு ஆமைகளுக்குச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. அதனால்தான் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள்.

சில இடங்களில், "மேலே நட்சத்திரம் போட்ட ஆமை ஒன்று இருக்கிறது, வேண்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அதுதான் நட்சத்திர ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் புதர்க்காடுகளில் வாழ்வது. இதைத் தொடவே தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, திருத்தங்கள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. உடும்பும் மலைப்பாம்பும் அதே அட்டவணையில்தான். முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறைத் தண்டனை உண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சர்வதேச அளவிலும் 2019 முதல் நட்சத்திர ஆமையின் வியாபாரம் தடை செய்யப்பட்டிருக்கிறது. "வீட்டில் பிறந்தது", "என் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது" என்ற சமாதானங்கள் செல்லாது. இந்த ஆமை புகுந்த வீட்டுக்குப் பின்னாலேயே அமீனாவும் வருவார். பழமொழி அப்படியே பலித்து விடும்.

இக்வானா என்னும் பச்சை ஓணான், பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஆகியவற்றையும் சிலர் வளர்க்கிறார்கள். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களுக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் விதிகளை வெளியிட்டது. அவற்றை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு செய்து கொள்ள வேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு 30 நாள் அவகாசம். பிறகு அது குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். எந்தப் பிராணியானாலும் ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரசீது தர மறுக்கும் கடையிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து விடுவது நல்லது.

நாணயம் தட்டாகிறது

கடையில் பார்க்கும் ஸ்லைடர் குஞ்சு 3 செ.மீ. நீளம் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியது. உள்ளங்கையில் வைத்தால் குழந்தைகள் குதூகலிப்பார்கள். "இது இவ்வளவுதான் சார், இதுக்கு மேல வளராது" என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். ஆண் ஆமை சுமார் 20 செ.மீ. வரை வளரும். பெண் 25 முதல் 30 செ.மீ. வரை, அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். எங்கள் அப்பு 26 செ.மீ. அப்பு பெண் என்பதே ஒரு நாள் தொட்டியில் முட்டையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆணே இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டையிடும். அதற்கு மண் நிரப்பிய இடம் வேண்டும். இல்லாவிட்டால் முட்டையை வெளியேற்றாமல் உள்ளேயே வைத்துக் கொண்டு நோயில் விழும்.

இதற்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? ஓட்டின் நீளம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்தங்குல ஆமைக்கு 400 லிட்டர். தண்ணீர் மட்டுமே 400 கிலோ எடை. மூன்றாவது மாடி பிளாட்டின் பால்கனியில் இதை வைக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும்.

ஆமை தண்ணீரிலேயே தின்று தண்ணீரிலேயே கழிக்கும். மீனை விடப் பல மடங்கு அழுக்கு சேரும். நல்ல வடிகட்டி இருந்தாலும் வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையாவது மாற்ற வேண்டும். வடிகட்டி இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த வேலை உண்டு. கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் காலனிகளில் இது சாமானியமான விஷயமல்ல. நாங்கள் ஞாயிறு காலையில் தண்ணீரை மாற்றி, பழைய தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுகிறோம். செம்பருத்தி செழிப்பாக இருக்கிறது. ஆனால் சமையலுக்குப் பறிக்கும் கொத்தமல்லிக்கும் கீரைக்கும் அந்தத் தண்ணீரை ஊற்றுவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வெயிலும் விளக்கும்

நாய், பூனைக்கு உடம்பின் உஷ்ணம் உள்ளேயே உற்பத்தியாகிறது. ஆமை, பல்லி, பாம்பு போன்ற ஊர்வனவற்றுக்கு அது வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். உடம்பு சூடேறினால்தான் தின்றது செரிக்கும். அதனால் தொட்டியில் இரண்டு விதமான இடம் தேவை. நீந்துவதற்கு 24 முதல் 28 டிகிரி வரை உள்ள தண்ணீர் ஒன்று. ஏறி உட்கார்ந்து உடம்பைக் காய வைத்துக் கொள்ள, 30 டிகிரிக்கு மேல் சூடுள்ள மேடை ஒன்று. முழு நேரமும் தண்ணீரிலேயே கிடக்கும் ஆமைக்கு ஓடு அழுகிப் போகும்.

சூடு மட்டும் போதாது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகிச் சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேரும். அது இல்லாத ஆமையின் ஓடு மெத்தென்று ஆகி, வளைந்து, கோணலாக வளரும். பிறகு சரி செய்ய முடியாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, ஏனென்றால் அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்து விடுகிறது. நேரடி வெயில் கிடைக்காத வீட்டில் அதற்கென்று உள்ள யு.வி.பி. விளக்கு வேண்டும். விளக்கு எரிந்து கொண்டிருந்தாலும் அதன் கதிர் மாதக்கணக்கில் குறைந்து கொண்டே வரும். எனவே 6 மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆமை சில நூறு ரூபாய்தான். அதன் தொட்டி, வடிகட்டி, ஹீட்டர், விளக்கு எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் ஆகும்.

தில்லியின் தட்பவெப்பம் உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் இரவு 5 டிகிரிக்கும் கீழே போகிறது. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரியைத் தொடுகிறது. இரண்டுமே ஆமைக்கு ஆபத்து. குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாவிட்டால் ஆமை சாப்பிடுவதை நிறுத்தி அசையாமல் கிடக்கும். "தூங்குகிறது" என்று நாம் நினைப்போம். காட்டில் குளத்தடியில் முறையாக உறங்கிக் குளிரைக் கடத்துவது வேறு. வீட்டுக்குள் அரைகுறைக் குளிரில், உறங்கவும் முடியாமல் செரிக்கவும் முடியாமல் கிடப்பது வேறு. இதில் நுரையீரலில் சளி பிடித்துச் செத்துப் போகும் ஆமைகள் நிறைய. எங்களுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்த ஆரம்பித்தது. விளையாடுகிறது என்று நானும் சிரித்துக் கொண்டிருந்தேன். மூக்கில் குமிழி வந்த பிறகுதான் பயந்து போனேன். அது நிமோனியாவின் அறிகுறி. நாய், மாடு பார்க்கும் இரண்டு வைத்தியர்கள் ஆமையைத் தங்களுக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பி விட்டார்கள். மூன்றாவதாக, ஊர்வன வைத்தியம் தெரிந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அந்த ஐந்து நாளில் அது செத்திருந்தால் என் அறியாமைதான் காரணமாக இருந்திருக்கும்.

கோடையில் வேறு விதமான அபாயம். "வெயில் காயட்டும்" என்று சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மொட்டை மாடியில் வைத்து விட்டு மறந்தால், தண்ணீர் கொதித்து ஆமை வெந்து விடும். வெயிலில் வைத்தால் பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாப்பாடு

கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. அது நமக்கு அப்பளம் மாதிரி. தொட்டுக் கொள்ளலாம், அதுவே சாப்பாடாகாது. குஞ்சாக இருக்கும்போது ஆமைக்குப் புரதம் அதிகம் வேண்டும். வளர வளரப் பச்சை இலைகளும் நீர்ச்செடிகளும் அதிகம் வேண்டும். ஆமைக்கென்று தயாரித்த உருண்டைத் தீவனத்தைக் குஞ்சுக்குத் தினமும், வளர்ந்த ஆமைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாளும் கொடுத்தால் போதும். மற்ற நாட்களில் லெட்டூஸ் இலை, கேரட் துருவல், நீர்ப்பாசி. பாலக் கீரையை அடிக்கடி கொடுக்கக் கூடாது. அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. சாதம், ரொட்டி, பால் மூன்றும் கூடவே கூடாது. வைட்டமின் ஏ குறைந்தால் கண் இமைகள் வீங்கி மூடிக் கொள்ளும். கண் தெரியாத ஆமை சாப்பிடாது.

சைவக் குடும்பங்கள் இதையும் யோசிக்க வேண்டும். இந்த ஆமை அனைத்துண்ணி. குஞ்சாக இருக்கும்போது அதைச் சைவமாக வளர்க்க முடியாது. தீவனத்திலேயே மீன் தூள் இருக்கும். உங்கள் வீட்டில் அதற்கு ஆட்சேபம் இருந்தால் முதலிலேயே பேசி விடுங்கள்.

கையைக் கழுவுங்கள்

ஆமை பார்வைக்கு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் குடலிலும் ஓட்டிலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதற்கு அதனால் தொந்தரவு இல்லை. நமக்குத்தான் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோயுற்றது தொடர்ந்ததால், அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதையே தடை செய்தார்கள். இங்கே கடையில் விற்பதெல்லாம் அதை விடச் சிறியவை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்பதுதான் வைத்தியர்களின் ஆலோசனை. மற்றவர்களும் ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தமிடக் கூடாது. தொட்டி, வடிகட்டி எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. "ஆமையை அடுக்களைப் பக்கம் கொண்டு வராதே" என்று பாட்டி சத்தம் போட்டால், அவர் சொல்வதுதான் சரி. கீரைக்கு ஆமைத் தண்ணீர் ஊற்றாததற்கும் இதுவே காரணம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் மாற்றல் உத்தரவும்

இனிமேல் சொல்லப் போவது வெளியூரில் வாழும் நமக்கே உரிய பிரச்சினை. மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் நாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ ஊருக்குப் புறப்பட்டு விடுகிறோம். நான்கு வாரம், ஐந்து வாரம் வீடு பூட்டிக் கிடக்கும். வளர்ந்த ஆமை சில நாள் தின்னாமல் இருக்கும். ஆனால் மின்சாரம் போய் வடிகட்டி நின்று, 45 டிகிரி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் ஐந்து வாரம் இருக்க முடியாது. யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும். அந்த நபர் யார் என்று தெரிந்த பிறகே ஆமையை வாங்குங்கள். நாங்கள் இந்த 11 ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போனது மூன்றே முறை. மற்ற வருடங்களில் ஒருவர் போனால் ஒருவர் இங்கே இருந்தோம். மைத்துனியின் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்த வருத்தம் வீட்டில் இன்னமும் உண்டு.

விடுமுறையை விடப் பெரிய விஷயம் மாற்றல். இந்த ஆமை 20 முதல் 30 வருடம் வாழும். நன்றாகப் பார்த்துக் கொண்டால் 40 வருடம் கூட வாழலாம். ஒரே ஊரில், ஒரே வீட்டில் 30 வருடம் இருக்கப் போகிறோம் என்று நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? எட்டு வயதில் ஆசைப்பட்ட பிள்ளை 18 வயதில் கல்லூரி விடுதிக்குப் போய் விடும். 25 வயதில் வேறு தேசத்தில் இருக்கும். எனவே இதைக் குழந்தைக்கு வாங்குவதாக நினைக்க வேண்டாம். நமக்காகத்தான் வாங்குகிறோம், நாம் ஓய்வு பெறும்போதும் அது நம்மோடு இருக்கும்.

ஆற்றில் விட்டால் என்ன?

"பார்த்துக் கொள்ள முடியவில்லை என்றால் யமுனையில் விட்டு விடலாமே, கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம்தானே?" என்று கேட்கிறார்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதன் விளைவு என்ன தெரியுமா?

ஸ்லைடர் முரட்டு ஆமை. எதையும் தின்னும், எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக் கொள்ளும். நம் நாட்டு ஆமைகள் வெயில் காயும் கட்டையையும் கல்லையும் பிடித்துக் கொள்ளும். அவற்றின் இரையைத் தின்று தீர்க்கும். புதிய நோய்களையும் கொண்டு சேர்க்கும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று. நம் நாட்டில் குவாஹாத்தியின் கோயில் குளத்திலும், கேரளத்தில் திருச்சூர் பக்கத்துக் கால்வாயிலும் இவை கண்டெடுக்கப்பட்டுள்ளன. கேரள வன ஆராய்ச்சி நிலையம், இவற்றை நீர்நிலைகளில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்குமாறு பொதுமக்களைக் கேட்டுக் கொண்டது. கங்கை, யமுனை, சம்பல் நதிகளின் ஆமைகள் மணல் கொள்ளையாலும் வலைகளாலும் ஏற்கெனவே குறைந்து வருகின்றன. தலையில் சிவப்புப் பட்டை கொண்ட சம்பல் ஆமை அழிவின் விளிம்பில் இருக்கிறது. அங்கே நம் வீட்டு ஆமையையும் கொண்டு விடுவது புண்ணியமாகாது.

தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்த ஆமைக்கும் அது நல்லதல்ல. பாதி ஆமைகள் பிழைக்காமல் அங்கே செத்துப் போகும். மீதி அங்கே இருப்பதைச் சாகடிக்கும். ஒரு முறை வாங்கிய பிறகு ஆற்றில் விடுவது என்ற வழியே நமக்கு இல்லை.

உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்

குடும்பத்தோடு ஒரு மாலை உட்கார்ந்து கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்:

1. வாங்க நினைப்பது எந்த இனம்? அது சட்டத்துக்கு உட்பட்டதா? ரசீது கிடைக்குமா?

2. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, முதியவரோ, கர்ப்பிணியோ இருக்கிறார்களா?

3. 400 லிட்டர் தொட்டிக்கு இடம் உண்டா? வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?

4. குளிரிலும் கோடையிலும் மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்?

5. ஊர்வன வைத்தியம் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார்? இதை வாங்குவதற்கு முன் விசாரித்து, முகவரியைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

6. பிள்ளைகள் சலித்துப் போன பிறகு வாராவாரம் தண்ணீர் மாற்றப் போவது யார்?

7. ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக் கொள்வார்?

8. மாற்றல் வந்தால், ஓய்வு பெற்றால், ஆமை எங்கே போகும்?

முதல் ஏழுக்கும் பதில் இருந்து எட்டாவதற்கு இல்லையென்றால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எட்டுக்கும் பதில் இருந்தால் கடைக்குப் போவதற்கு முன் இன்னொன்று செய்யலாம். வைத்துக் கொள்ள முடியாமல் தவிக்கும் குடும்பங்களும் விலங்குக் காப்பகங்களும் தில்லியில் உண்டு. அங்கே விசாரித்து, வளர்ந்த ஆமை ஒன்றை ஏற்றுக் கொள்ளலாம். அதன் முழு அளவு எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரியும், ஏமாற வழியில்லை.

பார்த்து மகிழலாம்

தயாராக இல்லையென்றால் பிள்ளையின் ஆசையை எப்படி நிறைவேற்றுவது? அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. முதலைகளோடு பல வகை ஆமைகளும் அங்கே உண்டு. ஒரு பிராணியைப் பெயரளவில் தத்தெடுத்து அதன் பராமரிப்புக்குப் பணம் கொடுக்கும் திட்டமும் அங்கே இருக்கிறது. பிறந்த நாள் பரிசாக அதைக் கொடுக்கலாமே! கிண்டி பாம்புப் பண்ணையும் பார்க்க வேண்டிய இடம். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னையில் இருக்க நேர்ந்தால் ஆமை நடைக்குப் போகலாம். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளைத் தேடி, மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவுகளில் கடற்கரையில் நடக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிச் செல்கிறார்கள். நடுநிசியில் ஓர் ஆமையைக் கரையில் கண்ட குழந்தை அதை ஆயுளுக்கும் மறக்காது.

கடைசியாக எங்கள் விஷயம். வரும் ஆகஸ்டில் நான் ஓய்வு பெறுகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து விட்டுத் திருச்சிக்குப் போகிறோம். அங்கே 84 வயது அம்மா இருக்கிறார். ஆமை அந்த வீட்டுக்கு உகந்ததல்ல என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். வாளியைத் தூக்கி வந்த பையனிடம் கேட்டேன். பெங்களூரில் நான்கு நண்பர்களோடு ஓர் அறையில் இருப்பதாகச் சொல்லி, நெடுநேரம் பேசாமல் இருந்தான். "இப்ப முடியல மாமா" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எட்டாவது கேள்விக்கு 11 வருடமாக எங்களிடமும் பதில் இல்லை.

அப்புவுக்கு இப்போது வயது 14. இன்னும் 15, 20 வருடம் இருக்கலாம். தொட்டி, வடிகட்டி, ஹீட்டர், விளக்கு எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. அதனோடு சேர்த்தே தருகிறோம். இவ்வளவையும் படித்த பிறகும் எட்டுக் கேள்விக்கும் உங்கள் வீட்டில் பதில் இருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லி விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். தண்ணீர் மாற்றும் நேரத்துக்கே வந்து, கூடவே நின்று நீங்களும் மாற்றிப் பாருங்கள். காபி சாப்பிட்டு விட்டு வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யோசித்துப் பதில் சொன்னால் போதும்.